கடல் கடந்தும் ஆசிரியப் பணி



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் பி.எட். முடித்துப் பாடம் நடத்திய நம் பெண்மணி ஒருவர், கணவரின் பணி நிமித்தம் ஜப்பான் செல்ல நேர்ந்தால், கற்ற கல்வி அடுப்படியோடு முடங்கிவிடுமோ? வேண்டாம் அக்கவலை. வழி உண்டு, வரம்பும் உண்டு.

கணவரைச் சார்ந்த விசாவில் தங்குபவர், குடிவரவுத் துறையின் தனி அனுமதி பெற்று வாரம் 28 மணி நேரம் வரை பணியாற்றலாம். முழுநேரப் பணிக்கு விசா வகையையே மாற்ற வேண்டும். பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் விசாவுக்குப் பட்டத்துடன், ஆங்கில வழியில் 12 ஆண்டுக் கல்வியும் பொதுவாகக் கேட்கப்படுகிறது. தமிழ்வழியில் பயின்றோர் இதை முன்னரே அறிதல் நலம். அவர்கள் கணிதம், அறிவியல் ஆசிரியப் பணிக்கு இந்தியப் பள்ளிகளை அணுகலாம். டோக்கியோவில் 2004 முதல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டப் பள்ளி ஒன்று இயங்குகிறது. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், குளிர்காலத்திலேயே விண்ணப்பியுங்கள்.

அனுமதியின்றி மறைவாக டியூஷன் எடுத்து ஈட்டும் பொருளில் பரக்கத் ஏது? விசாவும் ஓர் ஒப்பந்தமே. ஒப்பந்தம் பேணுதல் நம் மார்க்கக் கடமை. ஒருவரின் தவறு கணவரின் வேலையையும் பிள்ளைகளின் படிப்பையும் பாதிக்கக்கூடும்.

சான்றிதழ்களைத் திரட்டுங்கள், துஆவுடன் முயலுங்கள். இன்ஷா அல்லாஹ், வழி திறக்கும்.