மாவட்டம் போச்சு... மாகே, ஏனாம் கணக்கு என்னாகும்?

புதுச்சேரி:
புதுவை மாநிலம்னா நம்ம ஆட்களுக்கு கடற்கரை ரோடும் காரைக்காலும் தான் ஞாபகம் வரும். கேரளாவுக்கு நடுவில் மாகே, ஆந்திராவுக்கு நடுவில் ஏனாம் என்று 2 ஊர்கள் நம்மோடு இருப்பது பலருக்கு மறந்தே போச்சு. மாகேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டதால் தான் ஒரே நிர்வாகத்துக்குள் வந்தன.

2011 மக்கள்தொகை கணக்கெடுப்பில் இந்த 2 ஊரும் தனித்தனி மாவட்டம். இப்போது புதுவை, காரைக்கால் என 2 மாவட்டம் மட்டுமே. மாகேயும் ஏனாமும் புதுவை மாவட்டத்துக்குள் வந்து விட்டன. அங்கே மண்டல நிர்வாகி இருக்கிறார். கலெக்டர் இருப்பது புதுவையில். ஏனாமில் இருந்து இங்கு வர 800 கி.மீ.க்கு மேல் ஆகும்!

கடலில் கரைத்த பெருங்காயம்

2011 கணக்குப்படி ஏனாமில் 55 ஆயிரத்து 626 பேர், மாகேயில் 41 ஆயிரத்து 816 பேர். புதுவை பகுதியில் 9 லட்சத்து 50 ஆயிரத்து 289 பேர். மூன்றையும் ஒன்றாக கூட்டினால் சின்ன ஊர்களின் நிலவரம் வெளியே தெரியாது.

உதாரணத்துக்கு படிப்பறிவு. மாகேயில் கிட்டத்தட்ட 98 சதவீதம். ஏனாமில் 79 தான், 4 பகுதியிலும் கடைசி. தனியாக எண்ணியதால் தான் இந்த வித்தியாசம் பளிச்சென தெரிந்தது.

சட்டசபையிலும் மொத்தம் 30 தொகுதியில் ஆளுக்கு ஒன்று தான். ஆனால் லேசாக நினைத்துவிட முடியாது. 2021 தேர்தலில் தட்டாஞ்சாவடியில் ஜெயித்த ரங்கசாமியை, ஏனாமில் சுயேச்சை வேட்பாளர் கொல்லப்பள்ளி சீனிவாஸ் அசோக் தோற்கடித்தார்.

பக்கத்து மாநிலத்தோடு சேர்த்து விடலாமே என்று சிலர் கேட்கலாம். அது அவ்வளவு சுலபம் இல்லை. இந்தியாவும் பிரான்சும் 1956-ல் போட்ட ஒப்பந்தப்படி, மக்கள் விருப்பத்தை கேட்காமல் இந்த பகுதிகளின் அந்தஸ்தை மாற்றக்கூடாது. 1962-ல் அது நடைமுறைக்கு வந்தது.

ஆக, அவர்கள் நம்மோடு தான் இருக்கப் போகிறார்கள். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ந்தேதியை மத்திய அரசு அடிப்படையாக அறிவித்துள்ளது. மாவட்டம் என்ற பெயர் போனால் போகட்டும். மாகேக்கும் ஏனாமுக்கும் கணக்கு தனியாக வரணும். கணக்கில் தெரியாத ஊருக்கு நிதி கேட்டு வாதாடுவது ரொம்ப கஷ்டம்.