ஏசாவின் கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

பெற்றோரே, ஏசா யார் என்று உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். ஓய்வுநாள் பள்ளிக்கு ஒழுங்காக வருகிற பிள்ளையாயிருந்தால் பதில் சட்டென்று வரும். உடம்பெல்லாம் ரோமம், வேட்டைக்காரன், ஒரு வாய்க் கூழுக்காகச் சேஷ்டபுத்திரபாகத்தை விற்றவன், கெட்டவன். சரி, அப்புறம் ஏசா என்ன ஆனான் என்று கேளுங்கள். அங்கே பிள்ளை விழிக்கும். பல வருடங்களாகப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வேதாகமம் வாசிக்கிறவள் நான். இந்த விழிப்பைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பிள்ளைகள்மேல் குற்றமில்லை. வீட்டில் நாம் சொல்லும் கதை கூழ்ப் பாத்திரத்தோடும், ஆசீர்வாதத்தைத் தந்திரமாய் வாங்கிய அன்றோடும் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு ஏசாவின் சந்ததியாகிய ஏதோமைத் தேவன் அழித்தார் என்பதற்கு ஒரே தாவு. நடுவில் பல நூறு வருடங்கள் கிடக்கின்றன. பிள்ளைகளுக்கு வேண்டியது அந்த நடுவில்தான் இருக்கிறது.

நாம் சொல்லாமல் விடுவது கதையின் தொடக்கத்திலேயே ஆரம்பிக்கிறது. ஈசாக்குக்கு 60 வயதில் இரட்டைப் பிள்ளைகள். வேட்டையில் கொண்டுவருகிற இறைச்சியின் ருசிக்காக அப்பாவுக்கு ஏசாமேல் பிரியம். அம்மா ரெபெக்காளுக்கு யாக்கோபுமேல் பிரியம். ஆதியாகமம் 25 இதை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டுப் போகிறது. இரண்டு ஜாதிகளின் பகை இந்த வீட்டில்தான் முளைத்தது, பெற்றவர்களின் கண்முன்னே அல்ல, பெற்றவர்களின் கையாலேயே. ஆசீர்வாதத்தைப் பறிக்கும் திட்டம் யாக்கோபுடையதா? இல்லை. அம்மா போட்ட திட்டம். வெள்ளாட்டுக் குட்டியைச் சமைத்தவள் அவள், மகனின் கையிலும் கழுத்திலும் தோலைப் போர்த்தியவளும் அவள். ஏசா விம்மி அழுத அழுகையை ஆதியாகமம் 27 மறைக்கவில்லை. நாம் மறைக்கிறோம். சில நாள் போய் இரு, அண்ணன் கோபம் தணிந்ததும் கூப்பிட்டு அனுப்புகிறேன் என்று சொல்லி ரெபெக்காள் மகனை அனுப்பினாள். அந்தச் சில நாள் 20 வருடமாயிற்று. அவள் மகனை மறுபடி கண்டதாக வேதாகமத்தில் ஒரு வரி இல்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நமக்கு வாய் வராததற்குக் காரணம் எனக்குத் தெரியும். எந்தப் பிள்ளை நமக்குச் செல்லம் என்பதை வீட்டில் எல்லோரும் அறிவார்கள்.

இனி ஆதியாகமம் 32, 33-க்கு வாருங்கள். ஊர் திரும்புகிற யாக்கோபுக்கு, அண்ணன் 400 பேரோடு எதிர்கொண்டு வருகிறான் என்ற செய்தி கிடைக்கிறது. பயந்து போகிறான். ஆடு, மாடு, ஒட்டகம், கழுதை என்று 500-க்கும் மேற்பட்ட மிருகங்களை மந்தை மந்தையாக முன்னே அனுப்புகிறான். வேலைக்காரிகளையும் அவர்கள் பிள்ளைகளையும் முதலில் நிறுத்தி, அடுத்து லேயாளையும் அவள் பிள்ளைகளையும் நிறுத்தி, ராகேலையும் யோசேப்பையும் கடைசியில் வைக்கிறான். அடி விழுந்தால் யார்மேல் முதலில் விழவேண்டும் என்ற வரிசை அது. தன் தகப்பன் வீட்டு வியாதி அவனையும் விடவில்லை. பிறகு தானே முன்னால் போய் ஏழுதரம் தரைமட்டும் குனிகிறான். ஏசா ஓடி வருகிறான். கட்டிக்கொள்கிறான், கழுத்தில் விழுந்து முத்தம் கொடுக்கிறான். இருவரும் அழுகிறார்கள். வஞ்சிக்கப்பட்டவன் ஓடிவந்தான்; அதுவும் பெரியவன். தனக்குப் போதுமான அளவு இருக்கிறது, இந்த மந்தை உனக்கே இருக்கட்டும் என்றும் சொல்கிறான். நம் பிள்ளைகள் கெட்டவன் என்று பதில் சொன்னார்களே, அதே ஏசா.

அந்த இடத்தில் சிறுவன் யோசேப்பு நின்றான் என்பதைக் கவனியுங்கள். தன் அப்பா மண்ணில் குனிவதையும், பயந்து பயந்து எதிர்பார்த்த பெரியப்பா ஓடிவந்து கட்டிக்கொள்வதையும் அவன் பார்த்தான். பின்னால் எகிப்தில் அதிகாரியான யோசேப்பு, தன்னைக் குழியில் போட்டு விற்ற அண்ணன்மாரைக் கட்டிக்கொண்டு அழுதான். வேதாகமம் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லவில்லை. நான் சேர்த்துத்தான் பார்க்கிறேன். பெரியவர்கள் சமாதானமாவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அதைச் செய்யும் வழி தெரியும். நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளுக்கு முன்பாகச் சண்டை போட்டுவிட்டு, அவர்கள் இல்லாத நேரம் பார்த்துச் சமாதானமாகிறோம்! சண்டை மட்டும்தான் அவர்கள் கணக்கில் ஏறுகிறது.

ஏசாவும் யாக்கோபும் சேர்ந்து நின்று ஈசாக்கை அடக்கம்பண்ணினார்கள். அதோடு பகை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேலர் காதேஸில் பாளயமிறங்கி, ஏதோம் ராஜாவிடம் வழி கேட்டு ஆள் அனுப்பினார்கள். உன் சகோதரன் கேட்கிறேன் என்ற உறவைச் சொல்லித்தான் கேட்டார்கள். வயலில் கால் வைக்கமாட்டோம், ராஜபாதையிலேயே போவோம், எங்கள் மிருகங்கள் தண்ணீர் குடித்தால் கூலி தருகிறோம் என்றார்கள். முடியாது என்று ஏதோம் படையோடு வந்து நின்றது. இஸ்ரவேலர் சுற்றிப் போனார்கள். தகப்பன்மார் கட்டிப்பிடித்து அழுத இடத்தைச் சந்ததி மறந்து, அதற்கு முந்தின காயத்தை மட்டும் ஞாபகம் வைத்திருந்தது. யாரோ வீடுகளில் அதைச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு மோசேயின் நியாயப்பிரமாணம் என்ன சொல்கிறது? ஏதோமியன் உன் சகோதரன், அவனை அருவருக்காதே என்கிறது உபாகமம் 23. அதே புத்தகத்தின் 2-ஆம் அதிகாரத்தில், சேயீர் மலையை ஏசாவுக்குச் சுதந்தரமாகக் கொடுத்தவர் தாமே என்றும், அதில் ஒரு அடி நிலம்கூட இஸ்ரவேலுக்கு இல்லை என்றும், தின்பதையும் குடிப்பதையும் பணம் கொடுத்து வாங்கும்படியும் கர்த்தர் கட்டளையிடுகிறார். யாக்கோபுக்கு நிலம் கொடுத்தவர் ஏசாவுக்கும் கொடுத்தார். இதை வீட்டில் சொல்லிக்கொடுத்த பெற்றோரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அடுத்து, நாம் பிள்ளைகளிடம் வேண்டுமென்றே மறைக்கும் பக்கம். தாவீதின் படைத்தலைவன் யோவாப் ஆறு மாதம் ஏதோமில் தங்கி ஆண்களையெல்லாம் வெட்டினான் என்று 1 இராஜாக்கள் 11 சொல்கிறது. அப்போது ஆதாத் என்ற சின்னப் பையன், அரச குடும்பத்துப் பிள்ளை, தகப்பனின் ஊழியக்காரர் சிலரோடு எகிப்துக்குத் தப்பி ஓடினான். பார்வோன் அவனுக்கு வீடும் நிலமும் கொடுத்தான், ராணியின் சகோதரியையே மணமுடித்து வைத்தான். அரண்மனைச் சோறு, குடும்பம், குழந்தை, எதற்கும் குறைவில்லை. ஆனாலும் தாவீதும் யோவாபும் செத்தார்கள் என்று காதில் விழுந்ததும், என்னை ஊருக்கு அனுப்பிவிடும் என்று கேட்டான். இங்கே உனக்கு என்ன குறை என்று பார்வோன் கேட்டான். குறை ஒன்றுமில்லை, போகவேண்டும் என்றான். அவன் சாலொமோனுக்கு விரோதியாக எழும்பினான். சிறு வயதில் பார்த்த ரத்தம் அது. பின்பு யூதாவின் அமத்சியா ராஜா ஏதோமியரை வென்றபோது, உயிரோடு பிடித்த 10,000 பேரைக் கன்மலை உச்சியிலிருந்து தள்ளிவிட்டார்கள் என்று 2 நாளாகமம் 25 சொல்கிறது. பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்கிறீர்கள். கோலியாத்தின் தலையை வெட்டுகிற படத்தை நான்கு வயதுப் பிள்ளைக்கு வர்ணம் தீட்டக் கொடுக்கிறோம். நம் பக்கத்தார் வெட்டினால் அது வீரக் கதை, நம் பக்கத்தார் செய்த அநியாயம் மட்டும் பிள்ளைக்கு ஆகாது என்றால், நாம் வளர்ப்பது விசுவாசத்தை அல்ல.

கிறிஸ்துவுக்கு முன் 586-ஐ ஒட்டி நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை இடித்து ஆலயத்தைக் கொளுத்தியபோது, ஏதோமின் முறை வந்தது. அந்தக் கடைசிக் காலத்தின் பயம் மண் ஓட்டில் எழுதப்பட்டே கிடைத்திருக்கிறது. யூதாவின் தென்பகுதியில் ஆராத் கோட்டையை 1960-களில் தொல்லியலாளர் யோகனான் அகரோனி அகழ்ந்தபோது கிடைத்த ஓடுகளில் ஒன்று, ஏதோமியர் வந்துவிடாதபடி உடனே ஆட்களை அனுப்பும்படி அவசரமாகக் கட்டளையிடுகிறது. எருசலேம் விழுந்த நாளில் ஏதோம் செய்ததை ஒபதியா சொல்கிறார். 21 வசனமே உள்ள, பழைய ஏற்பாட்டிலேயே மிகச் சிறிய புத்தகம். அவர் குற்றங்களை அடுக்கும் வரிசையைப் பாருங்கள். முதல் குற்றம் கொலை இல்லை. அந்நியர் வாசலுக்குள் நுழைந்தபோது எட்ட நின்றாய் என்பதுதான் முதல் குற்றம். பிறகு, சகோதரனின் ஆபத்து நாளை வேடிக்கை பார்த்தாய். அப்புறம், சந்தோஷப்பட்டாய், பெருமையாக வாய் பேசினாய். அதற்கும் பிறகே வாசலுக்குள் புகுந்ததும், ஆஸ்தியில் கைவைத்ததும், தப்பி ஓடியவர்களை வழிச்சந்தியில் மறித்ததும், பிடித்துக் கொடுத்ததும் வருகின்றன. வேடிக்கை பார்த்த கண்ணிலிருந்து கொலை செய்த கை வரைக்கும் ஒரே பாதை. நீ செய்தபடியே உனக்கும் செய்யப்படும் என்ற தீர்ப்பு இதற்குத்தான்.

பெற்றோரே, நான் கோபப்படுவது இங்கேதான். இந்தப் புத்தகத்தை நம் வீடுகளில் எதற்கு எடுக்கிறோம்? தாத்தா சொத்தில் பங்கு பிரித்ததில் பெரியப்பா ஏமாற்றிவிட்டார், அல்லது சித்தப்பா பத்திரத்தை மாற்றிவிட்டார். போக்குவரத்து நின்றுபோயிற்று. அதன்பின் அந்த வீட்டில் ஒரு விபத்து, கடையில் நஷ்டம், ஒரு பெண்ணின் கல்யாணம் முறிந்தது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் நாம் சொல்கிறோம்: பார்த்தாயா, கர்த்தர் சும்மா விடுவாரா? அவர் நியாயம் கேட்கிறார். பக்கத்தில் பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறது. நமக்கு அந்நேரம் நாம் யாக்கோபாகவும் அவர்கள் ஏதோமாகவும் தெரிகிறது. ஒபதியாவின் பட்டியலில் சகோதரனின் ஆபத்து நாளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் யார்? தேவனுடைய நீதியின் பேரைச் சொல்லி, ஏதோம் செய்ததையே செய்துகொண்டு, அதைப் பிள்ளைக்கும் பக்தியாக ஊட்டுகிறோம்.

மல்கியாவில் ஏசாவை வெறுத்ததாகக் கர்த்தரே சொல்லவில்லையா என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சொல்லியிருக்கிறார். தேவன் எங்களை எங்கே நேசித்தார் என்று முறுமுறுத்த ஜனத்துக்கு, பாழாகிக் கிடக்கும் ஏதோமின் மலைகளைக் காட்டிச் சொன்ன வார்த்தை அது. அதோடு புத்தகத்தை மூடிவிடாதீர்கள். அடுத்த வசனங்களிலேயே வழக்கு இஸ்ரவேலின்மேல் திரும்புகிறது: குருடும் ஊனமுமான மிருகங்களைப் பலியிடும் ஆசாரியர்கள், மனைவிக்குத் துரோகம் செய்யும் புருஷர்கள். ஒரே தகப்பனுக்குப் பிறந்த நாம் சகோதரனுக்கு ஏன் துரோகம் செய்கிறோம் என்று கேட்கிறவரும் இதே மல்கியாதான்.

ஆமோஸை இன்னும் நிதானமாக வாசியுங்கள். தமஸ்கு, காசா, தீரு என்று சுற்றியிருக்கும் ஜாதிகளை ஒவ்வொன்றாகக் குற்றம் சாட்டுகிறார். சகோதரனைப் பட்டயத்தோடு துரத்திய ஏதோமும் அதில் உண்டு. அம்மோனுக்கு அடுத்து மோவாபின் முறை. மோவாப் செய்த குற்றம் என்ன? ஏதோம் ராஜாவின் எலும்புகளைச் சுண்ணாம்பாகச் சுட்டது. இஸ்ரவேலுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. சற்று முன்புதான் குற்றவாளிக் கூண்டில் நின்ற ஏதோமுக்கு அநியாயம் நடந்தபோது, அதற்கும் நியாயம் கேட்கிறார் கர்த்தர். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இதமாகவே இருந்திருக்கும், யூதாவும் இஸ்ரவேலும் அதே வாசகத்தோடு அடுத்து நிற்கும்வரை. எரேமியா 49-இல் ஏதோமுக்கு எதிரான கடுமையான தீர்ப்பின் நடுவே, உன் திக்கற்ற பிள்ளைகளை என்னிடம் விட்டுவிடு, அவர்களை நான் காப்பேன் என்ற பொருளில் ஒரு வசனம் வருகிறது. தண்டிக்கப்படுகிறவனின் பிள்ளைமேல் அவருக்கு அக்கறை. நமக்கோ, சண்டை பெரியப்பாவோடு என்றால் அவர் பேத்தியின் பிறந்தநாளுக்கும் பிள்ளையை அனுப்ப மனம் வருவதில்லை.

அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ளப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒபதியா கொள்ளையடிக்கப்பட்டவர்களுக்கு ஆறுதலாக வந்தது. அடிபட்ட பிள்ளைக்கு, தேவன் பார்த்தார், அதை அநியாயம் என்றே அவர் சொல்கிறார் என்ற உறுதி வேண்டும். நிலம் போனது உண்மையானால் போனது என்றே சொல்லுங்கள். வழக்குப் போடவேண்டுமானால் போடுங்கள். தீர்ப்பை அவரிடம் விட்டபின், எதிராளி விழும் நாளுக்காகத் தினமும் ஜன்னலோரம் காத்திருப்பது வேறு காரியம். அந்தக் காத்திருப்பில் பிள்ளையை உட்கார்த்தாதீர்கள்.

இன்னொன்று. இந்தக் காலத்து நாடு ஒன்றையோ இனம் ஒன்றையோ சுட்டி, இதுதான் ஏதோம் என்று செல்போனில் வரும் பிரசங்கங்களைப் பிள்ளைகள் காதுபட ஓடவிடாதீர்கள். ஏதோம் என்ற நாடு கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே பாபிலோன் ராஜா நபோனிதஸின் காலத்தில் நிலைகுலைந்தது. அதன் பட்டணமான போஸ்றா இன்று தெற்கு யோர்தானில் புசைரா என்ற கிராமத்தருகே இடிபாடாகக் கிடக்கிறது. மிஞ்சியவர்கள் யூதாவின் தெற்கே இதுமேயராக வாழ்ந்தார்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் யூத ஆட்சியாளன் யோவான் இர்க்கானு அவர்களை விருத்தசேதனத்துக்கு உட்படுத்தி யூத மார்க்கத்தில் சேர்த்தான். பெத்லகேமின் குழந்தைகளைக் கொன்ற ஏரோது அந்த வம்சத்தான். பின்னாளில் யூத ரபீக்கள் ரோமாபுரியையும், அதன்பின் தங்களைத் துன்புறுத்திய கிறிஸ்தவ ராஜ்யங்களையும் ஏதோம் என்று அழைத்தார்கள். அவர்கள் பட்ட பாட்டுக்கு அந்தப் பெயர் அநியாயமில்லை. ஆகவே அந்தப் பெயரை அடுத்தவன் நெற்றியில் ஒட்டுவதற்கு முன் நம் சபையின் வரலாற்றை ஒருதரம் புரட்டுங்கள். இயேசுவிடம் திரண்டு வந்த கூட்டத்தில் இதுமேயாவிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள் என்று மாற்கு 3 எழுதிவைத்திருக்கிறது. ஏசாவின் ஊரிலிருந்து வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பவில்லை.

இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் ஒபதியாவை எடுக்காதீர்கள். ஆதியாகமம் 25, 27, 33 என்று வரிசையாக வாசியுங்கள். வாய்விட்டு, பிள்ளைகளே வாசிக்கட்டும். ஏசா ஓடிவருகிற இடத்தில் நிறுத்திப் பேசுங்கள். அதன்பின் உபாகமம் 23, ஆமோஸின் முதல் இரண்டு அதிகாரங்கள். ஒபதியா அதற்கெல்லாம் பிறகு வரட்டும். நடுவில் எங்காவது உங்கள் பிள்ளை தலையைத் தூக்கி, நாம் ஏன் பெரியப்பா வீட்டுக்குப் போவதில்லை என்று கேட்கும். அப்போது நேரமாயிற்று, தூங்கு என்று விளக்கை அணைக்காதீர்கள். உண்மையைச் சொல்லுங்கள், உங்கள் பக்கத்துத் தப்பையும் சேர்த்து.