வேலை எங்கே தொடங்குகிறது? பனிக்காலச் சாலையும் தலித் தொழிலாளியின் சட்ட உரிமையும்

1971 ஜூன் 26. கேரளத்தின் கொரட்டியில் உள்ள ஓர் ஆலைக்கு மிதிவண்டியில் வேலைக்குச் சென்றுகொண்டிருந்த தொழிலாளி ஒருவர் மீது, அவர் வேலை பார்த்த நிறுவனத்துக்கே சொந்தமான லாரி மோதியது. அப்போது நேரம் மாலை 4.15. அவருடைய ஷிப்ட் 4.30 மணிக்குத் தொடங்க வேண்டும். ஆலைக்கு இன்னும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான் இருந்தது. காறை எலும்பு முறிந்த அவர் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கோரினார். ஈட்டுறுதி நீதிமன்றமும் கேரள உயர் நீதிமன்றமும் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. ஆனால் விபத்து நடந்து 25 ஆண்டுகள் கழித்து, 1996இல், உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புகளைத் தள்ளுபடி செய்தது. வேலைக்குச் செல்லும் சாலையில் நேர்ந்த காயம் வேலையால் நேர்ந்த காயம் ஆகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அந்த நிலைப்பாடு இன்று மாறியிருக்கிறது. 2010 ஜூன் 1 முதல் ஈட்டுறுதிச் சட்டத்தில் 51இ என்ற பிரிவு நடைமுறைக்கு வந்தது. வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும்போதோ, வேலை முடிந்து திரும்பும்போதோ நேரும் விபத்தையும் அப்பிரிவு பணிக்கால விபத்தாகக் கருதுகிறது. 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. மகாராட்டிரத்தின் சர்க்கரை ஆலை ஒன்றின் காவலாளி, அதிகாலை 3 மணிப் பணிக்கு மோட்டார் சைக்கிளில் சென்றபோது ஆலைக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் விபத்தில் இறந்தார். 2003இல் நடந்த அந்த மரணத்துக்கு, 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் அவர் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இதே கொள்கையை ஏற்றிருக்கிறது. தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் மீது தொழிற்சங்கங்கள் எழுப்பும் எதிர்ப்புகள் பல. அவற்றுள் பலவற்றில் நமக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் இந்த ஒரு கூறை நாம் கைவிட்டுவிட முடியாது.

விருதுநகர் மாவட்டத்தின் மல்லாங்கிணற்றிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் பனிக்காலத்தில் மிதிவண்டி ஏறும் ஒரு தலித் தொழிலாளிக்கு இந்தச் சட்டம் உண்மையில் என்ன தருகிறது? இதுவே இக்கட்டுரையின் கேள்வி.

கரிசலும் பனியும்

குளிர்கால மிதிவண்டிப் பயணம் என்றதும் உலகம் நினைப்பது வடக்கு ஐரோப்பாவை. பின்லாந்தின் ஔலு நகரில் மக்கள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே மிதிவண்டிப் பாதைகளின் பனியை அகற்றுவது நகர நிர்வாகத்தின் அன்றாடக் கடமை. நமது பனிக்காலம் வேறு. இங்கே தண்ணீர் உறைவதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் கரிசல் மண் களியாகி, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே அடைத்துக்கொண்டு வண்டியை உருட்டவும் விடுவதில்லை. மார்கழியிலும் தையிலும் மூடுபனி இறங்குகிறது. தை பிறக்கும்போது இப்பகுதியில் கதிரவன் எழக் காலை ஆறரை மணியைத் தாண்டிவிடும். ஆறு மணிக்கு ஆலை வாசலில் நிற்க வேண்டியவர் முழு இருளில்தான் கிளம்பியாக வேண்டும்.

ஆறு மணி என்பது இயற்கை வகுத்த நேரம் அன்று. பட்டாசுத் தொழிலில் மருந்துக் கலவை வேலை வெயில் ஏறுவதற்கு முன் முடிக்கப்படுவது வழக்கம். நூற்பாலைகளில் ஷிப்ட் முறை. தீபாவளிக்குப் பிறகு பட்டாசு ஆலைகள் பல சில வாரங்கள் மூடப்படும்போது, கட்டட வேலைக்கோ வேறு கூலிக்கோ விடியுமுன் கிளம்பி ஆள் எடுக்கும் இடத்தில் நிற்க வேண்டும். நேரத்தை நிர்ணயிப்பவர் வேலை கொடுப்பவர். ஆகவே இருளில் பயணம் செய்யும் ஆபத்தும் அவர் கொடுக்கும் வேலையின் பகுதியே. 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கிடைத்திருப்பது பெரும் மாற்றம்தான். எனினும் முதல் பேருந்து வருமுன் தொடங்கும் வேலைக்கு அந்தச் சலுகை உதவாது. பேருந்து நிறுத்தம் பிரதான சாலையில் இருக்க, சேரியோ பல ஊர்களில் அதிலிருந்து விலகியே இருக்கிறது.

மிதிவண்டி ஏதோ பழங்கால மிச்சம் என்று எண்ண வேண்டியதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயமும் வீட்டுத் தொழிலும் தவிர்த்த பிற தொழிலாளர்களில் ஏறத்தாழ 2.6 கோடிப் பேர் மிதிவண்டியில் வேலைக்குச் சென்றனர். 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 4,800க்கும் மேற்பட்டோர் மிதிவண்டியில் சென்றவர்கள்.

சட்டத்தில் மிதிவண்டி என்ற சொல்

சாலையின் ஆபத்து எல்லாத் தொழிலாளர்க்கும் பொது. ஆனால் சாலை எல்லோர்க்கும் பொதுவாக இருந்ததில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவைப் படித்தால் இது விளங்கும். 2015இல் திருத்தப்பட்டு, 2016 குடியரசு நாளன்று நடைமுறைக்கு வந்த அப்பிரிவு, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடங்களில் மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. செருப்பு அணிவதையும் புத்தாடை உடுத்துவதையும் தடுப்பது அதே வரியில் வருகிறது. பொதுச் சாலையையும் பாதையையும் பயன்படுத்த விடாமல் தடுப்பது அதற்கு முந்தைய உட்பிரிவில் வருகிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும். குடியரசு தோன்றி 65 ஆண்டுகள் கடந்த பின்னும் நாடாளுமன்றம் மிதிவண்டி என்ற சொல்லைக் குற்றவியல் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது.

அது வெறும் பழைய கதை அன்று. மாணவர்களிடையே சாதி மோதல்களைத் தடுப்பது குறித்து 2024 ஜூனில் அறிக்கை அளித்த நீதிபதி சந்துரு குழு, சாதி அடையாளம் காட்டும் வண்ணம் பூசிய மிதிவண்டிகளில் மாணவர்கள் பள்ளிக்கு வரக்கூடாது என்று பரிந்துரைக்க நேர்ந்தது. 2025 பிப்ரவரியில், அண்டை மாவட்டமான சிவகங்கையின் மேலப்பிடாவூரில் தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் வண்டி ஓட்டியதே காரணம் என்று குடும்பத்தினர் குற்றம் சாட்டினர். மூவர் கைது செய்யப்பட்டனர்.

சாதி எப்படிச் சாலை விபத்தாக மாறும் என்பதற்கு அண்ணல் அம்பேத்கரே சான்று. 1929இல் சாலிஸ்கானில், தீண்டத்தகாதவரை ஏற்றிச் செல்லக் குதிரை வண்டிக்காரர்கள் மறுத்தனர். ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவர் வண்டியைச் செலுத்த, அது கவிழ்ந்து அம்பேத்கரின் கால் முறிந்தது. காவல் நிலையக் குறிப்பேட்டில் எழுதினால் அது வெறும் வண்டி விபத்து. காரணத்தைத் தேடினால் அது தீண்டாமை.

தமிழ்நாட்டு அரசு 2001-02இல் விலையில்லா மிதிவண்டித் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் அது பட்டியல் சாதி, பழங்குடி மாணவியர்க்கே வழங்கப்பட்டது. அதற்கும் பத்தாண்டு முன்னர் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஏராளமான ஏழைப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கல் குவாரித் தொழிலாளர்களும் அவர்களுள் அடக்கம். வண்டி கைக்கு வந்துவிட்டது. பாதையின் மீதான உரிமைதான் இன்னும் வழக்காட வேண்டியதாக இருக்கிறது.

சுற்றுப்பாதை யாருடைய விருப்பம்?

புதிய சட்ட நிலை எல்லாப் பயணத்தையும் பாதுகாப்பதில்லை. விபத்தின் சூழல், நேரம், இடம் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் இடையே தொடர்பு இருப்பது நிறுவப்பட வேண்டும். வேலை முடிந்து உறவினர் வீட்டு விசேடத்துக்குப் போகும் வழியில் நேரும் விபத்து இதில் அடங்காது. இந்த வரம்பு நியாயமானதே. ஆனால் காப்பீட்டு நிறுவனங்களும் முதலாளிகளும் பிடித்துக்கொள்ளப்போகும் இடமும் இதுவே. வழக்கமான பாதையை விட்டு விலகிச் சென்றார். நேர்வழி இருக்க ஏன் கண்மாய்க் கரையில் போனார் என்று கேட்பார்கள்.

நேர்வழி ஆதிக்கச் சாதித் தெருவின் வழியாகச் செல்லுமானால், அதில் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டும் என்ற எழுதப்படாத ஆணை இருக்குமானால், அல்லது இருட்டில் அவ்வழியே போக அஞ்சும் நிலை இருக்குமானால், கண்மாய்க் கரையின் சேற்றுப் பாதை அந்தத் தொழிலாளி விரும்பித் தேர்ந்த பாதை ஆகாது. சாதி அவர் மீது திணித்த பாதை அது. சட்டம் குற்றம் என்று அறிவித்த ஒரு தடையின் விளைவை, பாதிக்கப்பட்டவருக்கு எதிரான வாதமாகப் பயன்படுத்த எந்தத் தீர்ப்பாணையமும் இடம்தரக் கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவையும் பணிப்பயண விபத்துக்கான விதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே எங்கள் வாதம். முதல் சட்டம் பாதைக்கான உரிமையைத் தருகிறது. இரண்டாவது, அப்பாதையில் நேரும் இழப்புக்கு ஈடு தருகிறது. இவ்விரண்டும் தனித்தனி அலுவலகங்களில், தனித்தனிக் கோப்புகளில் கிடப்பதால் தலித் தொழிலாளி இரண்டையும் இழக்கிறார்.

பதிவேட்டில் இல்லாத பெயர்

அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. வேலைக்குச் செல்லும் வழியில் விபத்து என்று நிறுவ, முதலில் வேலை இருந்தது என்று நிறுவ வேண்டும். பட்டாசு அறை ஒன்றில் நால்வருக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்பது விதி. கூடுதல் ஆட்களை அமர்த்தும் ஆலை அவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதுவதில்லை. எழுதினால் விதிமீறல் அதன் கையெழுத்திலேயே பதிவாகிவிடும். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை உள்குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் வேறொருவர். வெடிவிபத்தில் இறந்தவர்களைக்கூட அடையாளம் கண்டு தொழிலாளி என நிறுவப் போராட வேண்டிய நிலத்தில், ஆலைக்கு மூன்று கிலோமீட்டர் முன்னே இருட்டில் லாரி மோதி விழுந்தவரை யார் தம் தொழிலாளி என்று ஒப்புக்கொள்வார்கள்?

வேலைக்குச் செல்லும் பயணம் இப்பகுதியின் உழைப்பு வரலாற்றில் எப்போதுமே மறைக்கப்பட்ட பகுதி. 1976இல், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், தீப்பெட்டி ஆலைகளுக்குக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற பேருந்து விபத்துக்குள்ளாகிக் குழந்தைகள் மாண்ட பின்புதான், சிவகாசிப் பகுதியின் குழந்தை உழைப்பை விசாரிக்க ஹர்பன்ஸ் சிங் குழு அமைக்கப்பட்டது. ஆலைக்குள் கண்ணில் படாத உண்மை சாலையில் வெளிப்பட்டது.

செய்ய வேண்டியவை

களத்தில் நிற்கும் தோழர்களும் சட்டம் பயிலும் மாணவர்களும் இன்றே தொடங்கக்கூடிய பணிகள் சில உள்ளன.

முதலாவது, வேலைக்கான சான்று. புதிய தொகுப்புச் சட்டத்தின்படி பணி நியமனக் கடிதம் தொழிலாளியின் உரிமை. அதை எழுத்தில் கேட்க வேண்டும். கிடைக்காத இடத்தில் வங்கி வரவு, கைப்பேசியில் போர்மேன் அனுப்பிய செய்தி, உடன் வேலை பார்ப்பவரின் வாக்குமூலம் ஆகியவை சான்றாகும். இவற்றை விபத்துக்குப் பிறகு தேடுவது கடினம்; முன்கூட்டியே திரட்டி வைப்பது சங்கங்களின் வேலை.

இரண்டாவது, விபத்து நடந்த நாளின் ஆவணங்கள். அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், வேலைக்குச் செல்லும் வழியில் நேர்ந்தது என்ற சொற்கள் இடம்பெற வேண்டும். எந்தக் காவல் நிலையத்திலும், எல்லையைக் காரணம் காட்டி மறுக்காமல், முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்பட வேண்டும். மோதிய வாகனம் அடையாளம் தெரியாமல் தப்பிவிட்டாலும், 2022 ஏப்ரல் 1 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் இழப்பீடு உண்டு. மூடுபனியில் நிகழும் விபத்துகளில் பெரிதும் உதவக்கூடிய இவ்வுரிமை, பல குடும்பங்களுக்குத் தெரியாமலே போகிறது. பணிப்பயண விபத்துக்கான இழப்பீட்டு மனுவை இரண்டு ஆண்டுகளுக்குள் அளிக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

மூன்றாவது, பாதைகளின் வரைபடம். எந்தத் தெருவில் வண்டியை விட்டு இறங்கச் சொல்கிறார்கள், எந்தச் சேரிச் சாலையில் விளக்கு இல்லை, எந்த இணைப்புச் சாலை மழைக்குப் பின் சேறாகிறது என்பதைச் சிற்றூர்தோறும் குறித்து, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவின் முன் எழுத்துமூலம் வைக்க வேண்டும். தடை இருந்ததற்கு விபத்துக்கு முன்பே அரசு ஆவணம் இருக்குமானால், சுற்றுப்பாதை குறித்த வாதத்தை அதைக் கொண்டு முறியடிக்கலாம். மனு வந்த பின்னும் கடமையைப் புறக்கணிக்கும் அரசு ஊழியர் மீது, அவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவராயின், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு பாயும்.

சேரிக்கு ஒரு தெருவிளக்கு கேட்பது சிறிய கோரிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்த மனுவின் முத்திரையிட்ட நகல், நாளை ஒரு குடும்பத்தின் இழப்பீட்டு வழக்கில் முதல் சான்றாவணமாக நிற்கும். அடுத்த பருவமழை தொடங்குமுன் அந்த நகல் ஒவ்வொரு குடியிருப்பிலும் இருக்க வேண்டும்.