காருக்குச் சாத்தும் காப்பு

பி.பி.எஃப். என்று ஒன்று இருக்கிறது. மாதச் சம்பளக்காரர்களுக்கு மார்ச் மாதம் மட்டும் ஞாபகத்துக்கு வருகிற சமாச்சாரம். போஸ்டாபீசிலோ பாங்கிலோ வருஷத்துக்கு அதிகபட்சம் ஒன்றரை லட்சம் கட்டலாம். 15 வருஷம் கழித்து வட்டியோடு கொடுப்பார்கள். இன்னொரு பி.பி.எஃப். இருக்கிறது. அதில் ரெண்டேகால் லட்சம் போட்டால் ஐந்து முதல் பத்து வருஷத்துக்குள் உரித்துக் குப்பையில் எறிவார்கள். இது ‘பெயிண்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம்’. கார் பெயிண்டின் மேல் ஒட்டுகிற, கண்ணுக்குத் தெரியாத தோல். பி.காம். படித்தவனுக்கு இந்த இரண்டில் எது உசத்தி என்று யாரும் சொல்லித் தரவேண்டாம். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவனுக்கு வட்டிக் கணக்கு ஏறாது.

என் நண்பன் வாங்கினான். பெயர் வேண்டாம். நாமக்கல்லில் கோழிப்பண்ணைக் குடும்பம். பெங்களூரில் ஒரு வியாபாரியிடம் செகண்ட்ஹேண்டில் போர்ஷே பாக்ஸ்டர். இரண்டே சீட், மடக்குகிற கூரை. நிறம், சத்தியமாக, மஞ்சள் கரு. உள்ளூர் மெக்கானிக் முன்பக்கம் திறந்து பார்த்துவிட்டு, “என்னங்ணா, இன்ஜினையே காணோம்?” என்று அரண்டுபோனார். (பாக்ஸ்டருக்கு இன்ஜின் சீட்டுக்குப் பின்னால். முன்னால் இருப்பது டிக்கி.) அப்பா மட்டும் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “ரெண்டு பேருதான் உக்காரலாமா கண்ணு?” என்று கேட்டுவிட்டு டிவிஎஸ் எக்ஸெல்லில் ஏறிப் பண்ணைக்குப் போய்விட்டார். வாங்கிய விலையில் பாதியைத்தான் அவரிடம் சொல்லியிருந்தான் பையன். அது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும்.

நிற்க. இந்த ஃபிலிம் நம் ஊர் ரோட்டுக்குத் தேவைதானா? சேலம்-நாமக்கல் நான்குவழிச் சாலையில் ஒரு ஜல்லி டிப்பருக்குப் பின்னால் ஐந்து கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். தார்ப்பாய் இருக்கும். சுருட்டி மேலேயே வைத்திருப்பார்கள். பொடிக்கல் ஒவ்வொன்றாக வந்து ‘டிக்’ என்று முத்தம் கொடுக்கும். ஒவ்வொரு முத்தத்துக்கும் கடுகளவு பெயிண்ட் போகும். கம்பெனியில் அடித்து வருகிற பெயிண்ட், பிரைமரிலிருந்து மேலே உள்ள கிளியர் கோட் வரை எல்லாம் சேர்த்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். மனுஷன் தலைமுடி ஒன்று 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், ரெண்டு முடி கனம். அதற்குத்தான் இத்தனை லட்சம்.

ஃபிலிமின் பூர்வீகம் வேறு. வியட்நாம் யுத்தத்தில் ஹெலிகாப்டர் விசிறிகளை மணலும் கல்லும் அரித்துத் தள்ள, அதைத் தடுக்க அமெரிக்க 3எம் கம்பெனி பாலியூரிதேன் டேப் செய்து கொடுத்தது. அப்புறம் ரேஸ் கார்களுக்கு வந்து, பணக்காரர்களின் கார்களுக்கு வந்து, இப்போது நம்ம ஊர் ஷோரூம் வாசலுக்கும் வந்துவிட்டது. இந்தியாவிலேயே, மகாராஷ்டிராவில், கார்வேர் கம்பெனி தயாரிக்கிறது. (ஃபிலிம் என்றதும் போலீஸ் பிடிக்குமா என்று கேட்கிறார்கள். 2012-ல் சுப்ரீம் கோர்ட் தடுத்தது கண்ணாடியில் ஒட்டுகிற கறுப்பு ஃபிலிமை. இது பாடியில் ஒட்டுவது, நிறமும் மாறாது. வேறு கலரில் ஒட்டினால் ஆர்.சி.யில் உள்ள கலரோடு ஒத்துப்போகாது. அது தனித் தலைவலி.)

சேலத்தில் மூன்று கடை ஏறி இறங்கினோம். முதல் கடையில் ரெண்டேகால் லட்சம். இரண்டாவதில் ஒன்றே முக்கால். மூன்றாவதில் எழுபதாயிரம். “எல்லாமே டிபியு-தாங்க சார்” என்றார்கள் மூவரும். எழுபதாயிரத்துக்கும் ரெண்டேகாலுக்கும் நடுவே ஒரு மாருதியின் முன்பணம் இருக்கிறது. இதைக் கேட்டால், “ஃபினிஷிங்ல வித்தியாசம்ங்க” என்று சிரிக்கிறார்கள். நாலாவதாக ஒருவர், “ஃபிலிமே வேண்டாம், செராமிக் அடிச்சுருங்க, கல்லே ஒட்டாது” என்றார். செராமிக் என்பது ஒருசில மைக்ரான் கனத்துப் பூச்சு. தண்ணீர் உருண்டு ஓடும், பளபளப்பாக இருக்கும், கழுவ சுலபம். பறந்து வரும் ஜல்லிக்கு அதைப் பற்றி எந்த மரியாதையும் கிடையாது.

டிபியு என்பது தெர்மோபிளாஸ்டிக் பாலியூரிதேன். 150 முதல் 200 மைக்ரான் கனம். ரப்பர் மாதிரி இழுபடும், விட்டால் பழைய இடத்துக்கு வரும். மேலே ஒரு பூச்சு உண்டு. துணி உரசின மெல்லிய கீறல்கள் சூடு பட்டால் தானே ஆறிவிடும். (சேலத்தில் ஏப்ரல் மாதம் இதற்கு வெந்நீர்கூட வேண்டாம். வெளியே நிறுத்தினால் போதும்.) கத்திக் கீறல் ஆறாது. விலை குறைந்த சரக்கு பெரும்பாலும் பிவிசி. விறைப்பாக இருக்கும், வளைவுகளில் உட்காராது, வெயிலில் மஞ்சளாகும், வெடிக்கும். வெள்ளைக் கார்க்காரர்கள் அழுவார்கள். மஞ்சள் காருக்கு மஞ்சளானால் என்ன என்று நண்பன் கேட்டான். கேள்வியில் நியாயம் இருப்பதுபோல்தான் தோன்றியது. ஆனால் கெட்டுப்போன ஃபிலிமின் பசை, உரிக்கும்போது பெயிண்டோடு நின்றுகொள்ளும்.

மூன்று கடையிலும் உள்ளங்கையளவு சாம்பிள் வாங்கிக்கொண்டு வள்ளிபுரம் பக்கம் ஒரு லாரி பட்டறைக்குப் போனோம். நாமக்கல்லில் சந்தேகம் என்றால் லாரி பட்டறைதான். அங்கே ஒயரிங் வேலை செய்கிற பையன் ஒரு செம்புக் கம்பியைச் சுட்டு, ஃபிலிம் மேல் வைத்து எடுத்து, மறுபடி தீயில் காட்டினான். எழுபதாயிரம் ரூபாய்ச் சாம்பிளுக்கு ஜுவாலை பச்சைப் பசேலென்று எரிந்தது. “இது நம்ம ஒயர் மேல இருக்கற சாமான்தாங்ணா” என்றான். பிவிசி-யில் குளோரின் இருக்கிறது. அது செம்போடு சேர்ந்தால் தீ பச்சையாகும். மற்ற இரண்டுக்கும் பச்சை வரவில்லை. பையன் பத்தாவதோடு நின்றவன். எந்தக் கடையிலும் இந்த விவரத்தைச் சொல்லவில்லை.

அதே பட்டறையில் பெயிண்டர் அண்ணன் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக லாரிக்கு ஸ்ப்ரே அடிக்கிறவர். டம்ளரோடு வந்து காரின் முன்பக்கத்தைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். வெயிலில் இன்னொரு தரம் பார்த்தார்.

“தம்பி, இது கம்பெனி பெயிண்ட் இல்லீங்களே.”

நண்பன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. லாரி பெயிண்டர்கள் ஆரஞ்சுத் தோல் என்று ஒன்று சொல்வார்கள். ஸ்ப்ரே அடித்த பரப்பில் மிக நுண்ணிய மேடு பள்ளம். பழகின கண்ணுக்குக் கதவில் ஒரு மாதிரி, பானெட்டில் ஒரு மாதிரி என்று தெரிந்துவிடுமாம். மறுநாள் ரெண்டேகால் லட்சக் கடையில் பெயிண்ட் கனம் அளக்கிற கேஜ் வைத்துப் பார்த்தோம். கதவு 120. பானெட் 310. இடது மட்கார்டு 290. பம்பர் பிளாஸ்டிக், அதில் இந்த கேஜ் பேசாது. 310 என்றால் எங்கேயோ இடித்து, டிங்கரிங் செய்து, பட்டி வைத்து, திரும்ப அடித்திருக்கிறார்கள். ‘ஒரு கீறல் கிடையாது’ என்று சொல்லி விற்ற வியாபாரியின் போன் அன்று முழுக்க பிஸி.

ஃபிலிம் கடைக்காரர் யோக்கியர். “ரீபெயின்ட் மேல ஒட்டுனா உரிக்கறப்ப பெயிண்டும் கூட வரலாம்ங்க. அதுக்கு நாங்க வாரண்டி தரமாட்டோம்” என்று கையெழுத்து கேட்டார். ஆனால் அங்கே கூட நின்ற ஒரு ஆசாமி, காதோரமாக வந்து ஒரு யோசனை சொன்னார். “முன்பக்கம் மட்டும் ஃபிலிம் போட்டுருங்க பாஸ். அப்புறம் யார் கேஜ் வெச்சாலும் ஐநூறு காட்டும். ஃபிலிம் கனம்னு சொல்லிட்டா முடிஞ்சுது. ஆறு மாசத்துல வித்துருங்க.”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. 310-உம் 200-உம் ஐநூற்றுப் பத்து. ஃபிலிமின் பளபளப்பில் ஆரஞ்சுத் தோலும் மறையும். போட்ட பணம் பெரும்பகுதி திரும்பிவிடும். அப்பாவுக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை. நண்பன் என்னைப் பார்த்தான். நான் கேஜைப் பார்த்தேன்.

அன்று ராத்திரி பண்ணையில் அப்பா முட்டை அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். கீறல் முட்டைகள் தனி அட்டையில் ஓரமாக இருந்தன. அவை தனி விலை. பையன் ஃபிலிம் விவகாரத்தை மட்டும்தான் ஆரம்பித்தான். ரெண்டேகால் லட்சம் என்றதும் அப்பா மனசுக்குள் வகுத்தார். பண்ணை விலை ஐந்து ரூபாய் என்றால் 45,000 முட்டை. 1,500 அட்டை.

“எதுக்கு கண்ணு அவ்வளவு?”

அதற்கப்புறம் எல்லாம் வந்துவிட்டது. பட்டி, கேஜ், காதோர யோசனை, கடைசியில் காரின் உண்மை விலையும். அந்த விலையைக் கேட்டதும் அப்பா எண்ணுவதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் கோழிகள் மட்டும் பேசின. “எந்த அட்டையில விட்டேன்?” என்று அவரே கேட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடித்து, கீறல் அட்டையைத் தூக்கி வேறு பக்கம் வைத்துவிட்டு, “விக்கறப்ப அடிபட்ட வண்டின்னு சொல்லி வில்லு. இல்லீனா நீயே ஓட்டு” என்றார்.

ஓட்டுகிறான். பானெட், மட்கார்டு, பம்பர் மூன்றுக்கும் ஃபிலிம் இல்லை. கல் அடிக்கிறபோது அதே பெயிண்டர் அண்ணன் டச்-அப் செய்து தருகிறார். கதவுக்குக் கீழே, கண்ணாடி முதுகில், பின் சக்கரத்துக்கு முன்னால் புடைத்திருக்கும் இடத்தில் (முன் சக்கரம் வாரியடிக்கிற கல் எல்லாம் அங்கேதான் வந்து விழும்) நல்ல டிபியு. 48,000 ரூபாய். 320 அட்டை. காரின் மேல் வைத்துக் கத்தியால் வெட்டக்கூடாது, அளவெடுத்து வெளியே வெட்டி ஒட்டவேண்டும் என்று நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். ஃபிலிமைவிடக் கத்தி அதிகப் பெயிண்டைக் கெடுத்திருக்கிறது. முதல் ஒரு வாரம் வாட்டர் வாஷ் கூடாது. அப்புறமும் போர் தண்ணீரில் கழுவிவிட்டு அப்படியே காயவிட்டால் உப்புப் புள்ளி ஃபிலிமிலேயே படியும். உடனே துடைக்கணும்.

ஒட்டி முடித்ததும் ஓரத்தில் ஒரு துண்டு மிச்சம். கடைக்காரர் குப்பைக் கூடையில் போடப்போனார். அப்பா கை நீட்டி வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இழுத்துப் பார்த்தார். “எக்ஸெல் டேங்குக்கு இது காணுமுங்களா?” என்றார். காணும் என்று அளந்து ஒட்டிக் கொடுத்தார்கள்.