தகுதி மிகுந்தவரின் மௌனம்

வேலைக்குத் தேவையானதைவிடக் கூடுதலாகப் படித்த பணியாளருக்குப் பிழைகள் சீக்கிரம் கண்ணில் படும். ஆனால் அவற்றை வாய்விட்டுச் சொல்ல அவரே அதிகம் தயங்குகிறார். தமிழ்நாட்டில் இத்தகையோர் பெருகி வருகின்றனர். 2021-22 கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் மாநிலத்தின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. கோவை மாநகராட்சி 2019இல் அறிவித்த 549 துப்புரவுப் பணியிடங்களுக்குப் பொறியியல் பட்டதாரிகளும் விண்ணப்பித்தனர்.

சேர்வராயன் மலையூரான ஏற்காட்டில் இச்சிக்கலின் முகம் வேறு. சேலம் ஆட்சியர் காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காப்பியும், பின்னர் பெருகிய விடுதிகளுமே இங்கே பலருக்குப் பிழைப்பு. மலையை விட்டு இறங்க மனமில்லாத பட்டதாரி, விடுதி வரவேற்பிலோ தோட்டக் கணக்கிலோ அமர்கிறார். அதிருப்தி கொண்டவருக்கு விலகுவது, குரல் கொடுப்பது என இரு வழிகள் உண்டு என்றார் பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் (1970). விலகும் வழி குறுகிய மலையூரில் குரல் ஓங்க வேண்டும். ஓங்காததற்குக் காரணம், சொன்னால் என்ன ஆகும் என்ற கணிப்பு.

காப்பிப் பழம் எடைபோடும் தராசு பிசகுவதைக் கணக்கெழுதும் பட்டதாரி கவனிக்கிறார் என்று கொள்வோம். சொன்னால் 'படித்த திமிர்' என்பார்களா, தராசைச் சோதிப்பார்களா? முன்பு யாரோ சொன்னபோது நடந்ததை வைத்தே அவர் முடிவெடுப்பார்.

படிப்புக்கேற்ற ஊதியம் என்ற பங்கீட்டு நியாயத்தைச் சிறு தோட்டமோ விடுதியோ முழுமையாக வழங்க முடியாது. முடிவெடுக்கும் முறை நேர்மையாக இருப்பது என்ற நடைமுறை நியாயத்தை வழங்கலாம். அதற்குப் பெரிய செலவும் இல்லை. ஒரே விதி எல்லாருக்கும், சரியான தகவல், சார்பின்மை, தவறைத் திருத்த வழி, பாதிக்கப்படுவோரின் கருத்து, அறநெறி என்று அதன் கூறுகளை உளவியலாளர் லெவென்தல் 1980இல் வகுத்தார். தகுதி மிகுந்தவரிடம் திருத்த வழியே முதன்மை பெறுகிறது. ஊதியத்தில் ஏமாந்தவர், தம் அறிவும் மதிக்கப்படவில்லை என்று கண்டால் முற்றிலும் ஒதுங்கிவிடுவார். மே மாதச் சுற்றுலா நெரிசலில் பணிமுறைப் பட்டியலை மாற்றும்போது காரணத்தைச் சொல்வதும் இந்த நியாயத்தில் சேரும். பலர் இதை மரியாதைப் பேச்சாக மட்டும் நினைப்பது தவறு.

20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனத்தில் குறைதீர்க் குழு வேண்டும் என்றது 2010இன் தொழில் தகராறுகள் சட்டத் திருத்தம்; 2020இன் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பும் அதையே சொல்கிறது. அதற்குக் குறைந்த ஆள்பலம் கொண்ட விடுதியில் மேலாளரே குழு, மேலாளரே மேல்முறையீடு. அங்கே ஒரு யோசனையை ஏற்க இயலாதபோது, அதைச் சொன்னவரிடமே காரணத்தைக் கூறும் வழக்கத்தை விடுதி நடத்துவோர் முதலில் நிறுவ வேண்டும்.