அழவைத்தவரா, சிரிக்கவைத்தவரா?

டைரக்டர் ஸ்ரீதர் என்றதும் எங்கள் புதுக்கோட்டைப் பெரியவர்களுக்கு "கல்யாணப் பரிசு" நினைவு வரும். 1959-ல் வந்த படம். கதாநாயகன் ஜெமினி கணேசன், புதுக்கோட்டையில் பிறந்தவர். தங்கை தன் காதலனையே அக்காளுக்கு விட்டுக்கொடுப்பாள். தாய்மார்கள் விம்மி அழுதார்கள்.

நல்ல படம்தான். ஆனால் ஸ்ரீதரின் முழுத் திறமையும் 1964-ல் வந்த "காதலிக்க நேரமில்லை" படத்தில்தான் இருக்கிறது என்பேன்.

"அது வெறும் சிரிப்புப் படம் ஆயிற்றே!" என்பீர்கள். அதுதான் தவறு. அழவைத்தால் பெரிய படம், சிரிக்கவைத்தால் சின்னப் படமா?

"கல்யாணப் பரிசு" படத்திலும் சிரிப்பு உண்டு. "மன்னார் அண்ட் கம்பெனி"யில் வேலை என்று தங்கவேலு மனைவியிடம் புளுகுவார். வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆனால் அதை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். "காதலிக்க நேரமில்லை" அப்படி அல்ல. சிரிப்பை எடுத்தால் கதையே இல்லை! கோபுவும் ஸ்ரீதரும் சேர்ந்து செய்த வேலை அது.

கதை என்ன? பணக்காரர் பாலையா, ரவிச்சந்திரனை வேலையை விட்டு நீக்குகிறார். அந்தப் பையனோ அவர் மகளையே காதலிக்கிறான். நண்பன் முத்துராமனுக்குத் தாடி ஒட்டி, கோடீசுவரத் தகப்பனாராக அழைத்து வருகிறான். பாலையா விழுந்து விழுந்து உபசரிக்கிறார்!

"பெரியவரை ஏமாற்றலாமா?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் பையன் அதே பையன்தானே? நேற்று விரட்டினார், இன்று நாற்காலி போடுகிறார். அவரை ஏமாற்றியது அவருடைய பண ஆசை அல்லவா? பெண் பார்க்கும்போது "பையன் எப்படி?" என்று கேட்கும் முன்பே, "சொத்து எவ்வளவு?" என்று கேட்கிறோமே, நாம் மட்டும் என்ன?

இத்தனைக்கும் பாலையாவை ஸ்ரீதர் அவமானப்படுத்தவில்லை. அவர்மேல் நமக்குப் பிரியம்தான் வருகிறது.

நாகேஷ் அவருக்குப் பேய்க்கதை சொல்லும் இடம் இருக்கிறதே! படத்தில் பேயே கிடையாது. ஒருவர் சொல்கிறார், ஒருவர் நடுங்குகிறார். அவ்வளவுதான்.

ஸ்ரீதர் 2008-ல் காலமானார். போன மாதம் இந்தப் படத்தை வீட்டில் போட்டோம். பேரன் சிரித்தான். அவனைப் பார்த்து, கேள்வி கேட்ட என் மனைவியும் சிரித்தாள்.