ஒன்நோட் மூடியதும் பாமினி மிஞ்சியதும்

விண்டோஸ் 10 இற்கான ஒன்நோட் குறிப்புச் செயலியை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் வாசிப்புக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டது. 2023 டிசெம்பரில் எவர்நோட் இலவசக் கணக்கை 50 குறிப்புகள், ஒரு குறிப்பேடு என்று சுருக்கியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இனிக் குறிப்பெடுக்க எதில் தொடங்குவது என்று யாழ்ப்பாணக் குடாநாட்டு நூலகர்களும் ஆவணகர்களும் கேட்கிறார்கள்.

எங்கள் நிலைப்பாடு இது. குறிப்புகள் உங்கள் கணினியிலேயே வெற்று உரைக் கோப்புகளாகக் கிடக்கும் மென்பொருளில் தொடங்குங்கள். ஒப்சிடியன் அப்படித்தான் வைக்கிறது. ஜொப்ளின் தரவுத்தளத்தில் வைத்தாலும் மார்க்டவுன் என்ற வெற்று உரை வடிவில் ஏற்றுமதி செய்யும். குறிச்சொல்லா கோப்புறையா என்ற பட்டிமன்றத்தைப் பிறகு நடத்தலாம். இப்போதைக்கு ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் மூலம், பக்க எண், எடுத்த திகதி இருந்தால் போதும்.

ஆனால் வெற்று உரை என்றதும் பாமினி என்ற யுனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துரு வந்து நிற்கிறது. பழைய குறிப்பில் பாமினியில் தட்டிய ‘யாழ்ப்பாணம்’, எழுத்துரு கழன்றதும் ஏ, எச், ஓ, அரைப்புள்ளி, ஜீ, அரைப்புள்ளி என்று நீளும். தேடுபெட்டியில் யாழ்ப்பாணத்தைப் போட்டால் ஒன்றும் வராது. எழுத்துரு மாற்றிகள் உண்டுதான். ஆனால் அதே பத்தியில் ஆங்கில நூற்பெயர் இருந்தால் அதையும் சேர்த்தே ‘தமிழாக்கி’ விடும். ஆங்கில ‘the’ எல்லாம் ‘வாந’ ஆகிப் பல்லிளிக்கும்.

தனியாட்களை நோகமாட்டோம். யுனிகோட்டில் தமிழ் 1991 முதல் இருக்கிறது. கணினியில் தமிழுக்கான இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 1326 2008 இல் வந்தாயிற்று. ஆனாலும் அலுவலகங்களிலிருந்து எங்களுக்கு வரும் சுற்றறிக்கை பாமினியில் வருகிறது, இல்லாவிட்டால் சரிந்த ஸ்கான் படமாக வருகிறது. 1987 இன் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. அந்த மொழியில் அரசு அனுப்பும் கடிதத்திலிருந்து ஒரு வரியை வெட்டிக் குறிப்பில் ஒட்ட முடியவில்லை. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம், தொண்டர்களின் உழைப்பில் தன் பட்டியலை யுனிகோட்டில் நடத்துகிறது. சம்பளமும் வாகனமும் உள்ள அலுவலகத்துக்கு என்ன கேடு? பயிற்சிப் பட்டறைக்குப் பதாகை உண்டு, மத்தியானச் சாப்பாடு உண்டு. விசைப்பலகையை நிறுவ மட்டும் ஆள் இல்லை. கேட்டால், “தட்டச்சாளர் அதிலதான் பழகிட்டார்” என்கிறார்கள். பழகிய விரலை மாற்றவே தேவையில்லை. எ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசை அமைப்பே இருக்கிறது. அதே விசைகளைத் தட்டினால் யுனிகோட் வரும். இதை எத்தனை தரம் எழுதுவது?

ஒன்நோட்காரர் முதலில் ஒத்திசைவு முடிந்ததா என்று பாருங்கள். பிறகு மேசைக்கணினிப் பதிப்பில் குறிப்பேட்டைத் திறந்து, பாமினிப் பக்கங்களைப் புறம்பாக எடுங்கள். ஆங்கிலம் கலந்தவற்றை மாற்றியிடம் கொடுக்க வேண்டாம், கையால் திருத்துங்கள்.

அடுத்த இதழ் முதல் பாமினியில் வரும் கட்டுரைகளையும் அறிவித்தல்களையும் ஏற்கமாட்டோம், அமைச்சிலிருந்து வந்தாலும்.